அடுப்பில் ஒரே குழம்பு... ஆளுக்கொரு கிண்ணம்!

ராத்திரி டிபனுக்கு இட்லி, தோசை, சப்பாத்தி செய்வது நமக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. மாவு தயாராக இருந்தால் கை தானாக ஓடும். "தொட்டுக்க என்ன?" என்கிற கேள்விதான் சாயங்காலத்தையே விழுங்கி விடுகிறது. பெரியவர்களுக்குக் காரம் ஆகாது. வீட்டுக்காரருக்குக் காரம் இல்லாவிட்டால் இறங்காது. பையனுக்கு முட்டை வேண்டும். பெண்ணுக்கு வெங்காயம் வாயில் தட்டுப்படவே கூடாது. ஆக ஒரு சட்னி, ஒரு குருமா, ஒரு பொடி, போதாக்குறைக்கு ஒரு ஆம்லெட்! எல்லோரும் சாப்பிட்டு விட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்த பிறகு, சட்டியின் அடியில் ஒட்டியிருப்பது யாருக்கு? சமைத்தவளுக்குத்தான்.

சகோதரிகளே, ராத்திரிக்கு ஒரே ஒரு குழம்பு போதும் என்பது என் கருத்து. அதை அவரவர் நாக்குக்குத் தகுந்தபடி மாற்றிக் கொள்வது அவரவர் வேலை. இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை, முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019ம் ஆண்டில், மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவு செய்கிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அப்போது அதற்காகச் செலவிட்டது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம். அதாவது கிட்டத்தட்ட 5 மணி நேரம்! அந்த வேலைகளில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டதோ 97 நிமிடம்தான். அப்படி ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு சுமார் 26 பேர்தான். இந்த 5 மணி நேரத்தில் ராத்திரி அடுப்படியில் நிற்கிற நேரத்தையாவது நம்மால் குறைக்க முடியாதா? முடியும். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இதற்கு 'தாய்க்குழம்பு' என்று பெயர். ஐந்து பேருக்கு நான்கு பெரிய வெங்காயம், ஐந்து தக்காளி, ஒரு துண்டு இஞ்சி, எட்டுப் பல் பூண்டு. வாணலியில் மூன்று டேபிள் ஸ்பூன் எண்ணெய் விட்டு, அரை டீஸ்பூன் சோம்பு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு போட்டு, வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கவும். இஞ்சி, பூண்டு சேர்த்துப் பச்சை வாசனை போனதும் தக்காளியைப் போட்டு, குழைந்து எண்ணெய் பிரியும் வரை விடவும். ஆறியதும் பட்டையை மட்டும் எடுத்துவிட்டு, மிக்ஸியில் நைசாக அரைத்து, இரண்டு டம்ளர் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், இரண்டு டீஸ்பூன் மல்லித்தூள் சேர்த்துக் கொதிக்க விடவும். உப்பு வழக்கமாகப் போடுவதில் பாதிதான். மிளகாய்த்தூள் கிடையவே கிடையாது! எல்லாம் சேர்த்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

காரத்தைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் வைக்கிறேன். தாளிக்கிற கரண்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் காய வைத்துக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, அடுப்பை அணைத்த பிறகு ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூளைப் போட்டுக் கலக்க வேண்டியதுதான். அடுப்பு எரியும்போதே போட்டால் தூள் கருகிக் கசந்துவிடும். காரம் வேண்டியவர்கள் இதைக் குழம்பில் விட்டுக் கொள்ளலாம். பச்சை மிளகாய்த்தூளை அப்படியே தூவுவதைவிட ருசியும் நன்றாக இருக்கும்.

இனி அவரவர் கிண்ணம். என் மாமியாருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவருக்குத் தாய்க்குழம்பு அப்படியே போகும். பெண்ணின் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் கெட்டித் தேங்காய்ப்பால். வெங்காயம் அரைபட்டுவிட்டதால் அவள் தேடினாலும் கிடைக்காது! கல்லூரியில் படிக்கிற பையன் இரண்டு கரண்டி குழம்பைச் சின்ன வாணலியில் எடுத்துக் கொதிக்க வைத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடி வைப்பான். சிறு தீயில் ஐந்து நிமிடம், முட்டைக் குழம்பு ரெடி. இவருக்கு அந்தக் காரத் தாளிப்பு இரண்டு ஸ்பூன். சப்பாத்திக்குக் கெட்டியாக வேண்டுமென்றால் இரண்டு டீஸ்பூன் பொட்டுக்கடலைப் பொடியைக் கரைத்து விட்டால் போதும். தோசைக்கும் இடியாப்பத்துக்கும் கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும்.

தினமும் இதே குழம்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். இன்றைக்கு இதில் வேக வைத்த கொண்டைக்கடலை போடுங்கள். நாளைக்குப் பாசிப்பருப்பை வேக வைத்துச் சேர்த்துக் கொத்தமல்லி தூவுங்கள். மறுநாள் கத்திரிக்காயை வதக்கிப் போட்டுக் கொஞ்சம் புளி விட்டால் கொத்சு ஜாடை வந்துவிடும். உருளைக்கிழங்கு போடுவதானால் தனியாக வேக வைத்துப் போடுங்கள். தக்காளிப் புளிப்பில் கிழங்கு சீக்கிரம் வேகாது, கேஸ்தான் வீணாகும்.

நம் ஊர்களைப் பாருங்கள். சிதம்பரத்தில் கத்திரிக்காய் கொத்சு, திருநெல்வேலியில் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்த சொதி, மதுரைப் பக்கம் பரோட்டாவுக்குச் சால்னா. ஒவ்வொன்றும் ஒரு வேளைச் சாப்பாட்டையே தாங்கி நிற்கிற குழம்பு. கையில் இருந்ததை வைத்துக் கூட்டிக் குறைத்துச் செய்ததுதானே எல்லாம்? மிளகாயே போர்ச்சுகீசியர்கள் கப்பலில் வந்த பிறகு நம் சமையலில் சேர்ந்ததுதான். அதற்கு முன் மிளகுதான் காரம். ஆகவே "குழம்பு என்றால் இப்படித்தான்" என்று ஒரு சட்டமும் கிடையாது.

சிலர், "இதெல்லாம் எதுக்கு? கடையில ரெடிமேட் கிரேவி பாக்கெட் இருக்கே, வெட்டிக் கொட்டினா முடிஞ்சுது" என்கிறார்கள். அவசரத்துக்கு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. உடம்பு முடியாத நாளில் அதுவும் ஒரு துணைதான். ஆனால் பாக்கெட்டில் உப்பையோ காரத்தையோ எடுக்க முடியுமா? உலக சுகாதார நிறுவனம், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்கட்டும் என்கிறது. அது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் என்று ஏற்கனவே அது போய்க் கொண்டிருக்கிறது. வாங்குவதானால் பாக்கெட்டின் பின்னால் சோடியம் எவ்வளவு என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். அதில் சேர்ந்த பொருட்களை எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். தக்காளிக்கு முன்னால் தண்ணீரும் எண்ணெயும் நின்றால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

இன்னும் சிலர், "ஆளுக்கு ஆள் மாத்திக் கொடுத்தா செல்லம் கொடுத்துக் கெடுக்கற மாதிரி ஆகாதா?" என்று கேட்கலாம். மாற்றுவது நான் இல்லையே! நான் வைப்பது ஒரே குழம்பு. முட்டை வேண்டுமா, நீ உடைத்து ஊற்று. காரம் வேண்டுமா, நீங்கள் கலந்து கொள்ளுங்கள். வேறு வாணலியை எடுத்தவர் அதைத் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பு. "ஆம்பளப் பிள்ளைய அடுப்படியில நிக்க வைக்கிறியேம்மா" என்று என் மாமியார் ஆரம்பத்தில் வருத்தப்பட்டார். "வெளியூர்ல வேலை கெடச்சா அவன்தானே அத்தை சமைச்சுச் சாப்பிடணும்?" என்றேன். இப்போது, "அவன் போடற முட்டைக் குழம்பு வாசனை நல்லாருக்குடி" என்கிறார், முட்டை சாப்பிடாத அவரே!

குழம்பை மிச்சப்படுத்தி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காய் சேர்க்காத தாய்க்குழம்பை ஆறியதும் மூடி உடனே பிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். வேண்டியதை மட்டும் தனியாக எடுத்து நன்றாகக் கொதிக்க விட்டுப் பரிமாறுங்கள். மொத்தத்தையும் தினமும் சுட வைத்து, திரும்ப உள்ளே வைக்காதீர்கள். தேங்காய் விட்டதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வெகுநேரம் கரண்ட் போய் பிரிட்ஜ் ஆறிவிட்டால், காசைப் பார்க்காமல் கொட்டிவிடுவது நல்லது.

எனக்கு மிச்சமான நேரம் தினமும் முக்கால் மணி. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. வீட்டில் யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு எது ஆகாது என்று நமக்கு மனப்பாடம். அதே வீட்டில், "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். காரணம், நமக்கென்று ஒரு கிண்ணம் என்றைக்குமே இருந்ததில்லை. மிஞ்சியதே நம் ருசி என்று ஆகிவிட்டது.

ஆளுக்கொரு கிண்ணம் என்று ஆன பிறகு ஐந்தாவது கிண்ணம் என்னுடையது. எனக்குப் பிடித்தது, தாய்க்குழம்பில் கொஞ்சம் மிளகைத் தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு, சூடாக இரண்டு இட்லி. மற்றவர்களோடு ஒரே நேரத்தில், உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இது என் மகளுக்கு இப்போது தெரியும். அவளே மிளகைத் தட்டி வைக்கிறாள்.

நாலு வகை செய்தால்தான் நல்ல குடும்பத் தலைவி என்று யார் சொன்னது? சூடாக, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதாக, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறதாக ஒரு வகை இருந்தால் போதாதா? இந்த வாரம் ஒரே ஒரு ராத்திரி செய்து பாருங்கள். முதல் கிண்ணத்தை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள். என்ன சொல்கிறீர்கள், தோழிகளே?

- ஒரு வாசகி, திருச்சி.