தாகத்தை அடக்கிக் கொண்டு என்ன பயணம்?

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு குருவாயூர் போய் வந்தோம். என் நாத்தனாரின் ஆறு மாதக் குழந்தைக்கு அந்தக் கோயிலில் முதல் சோறு ஊட்டுவதாக வேண்டுதல். கரூரிலிருந்து வேன் பிடித்து, பெரியவர் சின்னவர் சேர்த்து 16 பேர் கிளம்பினோம். அந்த இரண்டு நாளில் நான் பட்டதையும் பார்த்ததையும் நம் பக்கத்து சகோதரிகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாளே மாமியார் ஆரம்பித்து விட்டார். "வாளையாறு தாண்டிட்டா எல்லாம் தேங்கா எண்ணெய்தான். கொட்டை கொட்டையாச் சிவப்புச் சோறு போடுவாங்க. நமக்கு ஆகாது. கட்டிக்கிட்டுப் போயிரலாம் கண்ணு" என்றார். கட்டுவது யார்? நான்தான். இரவு 2 மணிக்கு எழுந்து 80 இட்லி அவித்து, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் அடுக்கினேன். மத்தியானத்துக்குப் புளிசாதம், அப்புறம் தயிர்சாதம். தயிர்சாதத்துக்குத் தயிரைக் கொஞ்சமாகவும் பாலை நிறையவும் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் வரை புளிக்காது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் ஊசிப் போகும் என்றேன். யாரும் கேட்கவில்லை. அரைத்தேன்.

5 மணிக்கு வேன் கிளம்பியது. காங்கேயம், பல்லடம் தாண்டி விடிந்ததும் டிரைவர் ஒரு பெரிய ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தினார். அங்கே நிறுத்தினால் டிரைவருக்குச் சாப்பாடு இலவசமாம். ஆண்கள் எல்லோரும் இறங்கி நெய் ரோஸ்ட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். "இட்லி எங்கீங்க போகப் போவுது, அப்புறம் சாப்பிட்டுக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். என் 80 இட்லியில் அன்று செலவானது 30 கூட இருக்காது. சட்னி நான் சொன்னபடியே பாலக்காடு வருவதற்குள் பொங்கி விட்டது.

அந்த ஓட்டலில் மேஜை மேல் வைத்த ஜக்குத் தண்ணீரில் ஏதோ வாடை. பாட்டில் கேட்டோம். 20 ரூபாய் அச்சடித்த பாட்டிலுக்கு 40 ரூபாய் கேட்டார்கள். என் கொழுந்தனார் சண்டைக்குப் போனார். "உக்காந்து சாப்பிடற இடத்துல அந்த விலை கெடையாதுங்க சார்" என்று கல்லாவில் இருந்தவர் அலட்டிக் கொள்ளாமல் சொன்னார். ஊருக்கு வந்து தெரிந்தவரிடம் விசாரித்தபோது, ஓட்டலில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டதாம். கடையில் வாங்கினால் மட்டும் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா கூட வாங்கக் கூடாது. சட்டம் எப்படியோ இருக்கட்டும். சாப்பிட வருகிறவனுக்கு வாடையில்லாத ஒரு டம்ளர் தண்ணீர் வைக்க மனசு வராதா என்பதுதான் என் கேள்வி. மோர்ப் பந்தல், தண்ணீர்ப் பந்தல் வைத்த ஊர் நம் ஊர்.

வாளையாறில் முன்பெல்லாம் லாரி வரிசை மைல் கணக்கில் நிற்கும். 2017ல் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சோதனைச் சாவடியை எடுத்த பிறகு, எல்லை எங்கே வந்தது எங்கே போனது என்றே தெரியவில்லை. பெயர்ப் பலகை எழுத்து மாறியதும்தான் "ஓ, கேரளா வந்துட்டுதா?" என்றோம். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி தினமும் லாரி லாரியாக அவர்களுக்குப் போகிறது. கோயமுத்தூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக் கொள்ளும் சிறுவாணித் தண்ணீரின் அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. காயும் தண்ணீரும் கேட்காமல் போய் வந்து கொண்டிருக்க, நாம் மட்டும் அங்கே சாப்பாடு கிடைக்குமா என்று பயந்து மூட்டை கட்டுகிறோம்!

பாலக்காடு தாண்டி ஆலத்தூர் பக்கம் நாத்தனார், "அண்ணி, பாப்பாவுக்குப் பால் பவுடர் கலக்க வெந்நீர் தீந்து போச்சு" என்றாள். ரோட்டோரம் ஒரு சின்னக் கடை. நாலைந்து பெண்களே சேர்ந்து நடத்துகிறார்கள். குடும்பஸ்ரீ என்று 1998ல் கேரள அரசு ஆரம்பித்த பெண்கள் குழுக்கள் இருக்கின்றன அல்லவா, அதைச் சேர்ந்தவர்களாம். உட்கார்ந்ததுமே கேட்காமலே ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைத்தார்கள். ஆவி பறக்கிறது, நிறமோ ரோஜாப்பூ நிறம்!

மாமியார் டம்ளரைத் தள்ளி வைத்து விட்டார். "என்னம்மா இது, சாயப்பட்டறைத் தண்ணியாட்டம் இருக்குது?" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரில் கலர் தெரிந்தால் சாயப்பட்டறை ஞாபகம்தானே வரும்! பரிமாறிய அம்மாள் பாலக்காட்டுத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார். அது பதிமுகம் என்கிற மரத்தின் சிராய். தண்ணீர் கொதிக்கும்போது ஒரு சிட்டிகை போடுவார்களாம். சில வீடுகளில் சீரகம் போடுவார்கள், சில வீடுகளில் கருங்காலிக் கட்டை. பச்சைத் தண்ணீர் குடிக்கிற பழக்கமே அவர்கள் வீட்டில் இல்லையாம். "சூடு வெள்ளம் வேணுமா?" என்று அவர் கேட்க, மாமியார் "வெள்ளமா!" என்று அரண்டு போனதைச் சொல்லிச் சொல்லி வழியெல்லாம் சிரித்தோம். அவர்களுக்குத் தண்ணீர் என்றாலே வெள்ளம்தான்.

பாப்பாவின் பிளாஸ்க்கை வாங்கி உள்ளே போய், எதுவும் போடாத வெறும் வெந்நீரை நிரப்பிக் கொடுத்தார். "எவ்வளவுங்க?" என்றேன். "வெள்ளத்தினு பைசயோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரம் முன்னால்தான் 40 ரூபாய் கொடுத்து விட்டு வந்திருக்கிறோம்.

கேரளாவில் எல்லாமே ஒழுங்கு என்று நான் சர்டிபிகேட் கொடுக்க வரவில்லை. திரும்பி வரும்போது வேறொரு கடையில் இதே ரோஜா நிறத் தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்தார்கள். பார்த்தால், கொதித்த தண்ணீரில் குழாய்த் தண்ணீரைக் கலந்து ஆற்றிக் கொண்டிருந்தான் ஒரு பையன். 2024ல் கேரளாவில் பல இடங்களில் மஞ்சள் காமாலை பரவியது. கெட்ட தண்ணீரால் பரவுகிற வியாதி அது. ஆகவே நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆவி வருகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் டீ சொல்லி விடுங்கள். கொதிக்காமல் டீ போட முடியாது.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

அன்று சாயங்காலம் குருவாயூரில் தரிசன வரிசையில் நின்றிருந்தோம். நல்ல புழுக்கம். எட்டாம் வகுப்பு முடித்த என் பெரிய மகள் திடீரென்று என் தோளைப் பிடித்தாள். "அம்மா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றாள். நான் திரும்புவதற்குள் சரிந்து விட்டாள். முன்னால் நின்ற ஒரு மலையாளத்துப் பாட்டி தன் எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து முகத்தில் தெளித்து, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அவள் குடித்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. "காலையிலிருந்து தண்ணி குடிச்சியா சாமி?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். இல்லை. ஆலத்தூர்க் கடையில் கூட டம்ளரைத் தம்பியிடம் தள்ளி விட்டிருக்கிறாள். "குடிச்சா வண்டிய நிறுத்தச் சொல்லோணும். சித்தப்பா, மாமா எல்லாரும் இருக்காங்க. எப்படிம்மா சொல்றது?" என்றாள்.

எனக்கு அழுகை வந்து விட்டது. ஏனென்றால் இதைக் கற்றுக் கொடுத்ததே நான்தான். ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம், "ரொம்பத் தண்ணி குடிக்காத, வழியில எடம் இருக்காது" என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். எனக்கு என் அம்மா சொன்னது. அன்றைக்கு நானும் ஒரு காபியும் பாட்டிப் பதிமுகம் அரை டம்ளரும் தவிர எதுவும் குடிக்கவில்லை. நாத்தனார் பால் கொடுக்கிற பிள்ளைத்தாய்ச்சி. அவளும் அப்படித்தான்.

காலையில் பைபாஸில் ஒரு பெட்ரோல் பங்க்கில் பெண்கள் நாங்கள் இறங்கினோம். பெண்கள் என்று எழுதிய கதவில் பூட்டு. சாவி மேனேஜரிடம், மேனேஜர் வரவில்லை. பங்க்கில் குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் இருக்க வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளே போட்டிருக்கும் விதி. பூட்டி வைப்பதற்கா விதி? எங்களோடு இறங்கிய ஆண்கள் வேலியோரம் போய் விட்டு வந்து, "கெளம்பலாமா?" என்கிறார்கள். பத்து நிமிஷம் தாமதம் என்று முணுமுணுப்பு வேறு. டீக்கு அரை மணி நேரம் நிற்கிற வண்டி, பெண்களுக்கு ஐந்து நிமிஷம் நின்றால் பெரிய உபகாரம் செய்தது போல் பேச்சு.

கேரளாவில் 'டேக் எ பிரேக்' என்ற பெயரில் பஞ்சாயத்துகளே ரோட்டோரம் ஓய்விடம் கட்டி வைத்திருக்கின்றன. கழிப்பறை, உட்கார இடம், சில இடங்களில் சிற்றுண்டி. திரும்பும்போது அப்படி ஒன்றில் நிறுத்தச் சொல்லிப் போனோம். பளிங்கு மாதிரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாழ்ப்பாள் இருந்தது, வாளியும் தண்ணீரும் இருந்தன, வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் உட்கார்ந்திருந்ததே எங்களுக்குப் பாதி தைரியம். நம் ஊரிலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இல்லாத ஊர் உண்டா? நெடுஞ்சாலையோரம் இப்படி ஒரு வேலையை அவர்களிடம் கொடுத்தால் என்ன? அப்பளமும் ஊறுகாயும் போட்டுத்தான் பெண்கள் முன்னேற வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

மகளுக்கு அன்று இரவு அறையில் உப்பு, சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுத்தேன். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. இதை எல்லா அம்மாக்களும் மனப்பாடம் செய்து வைத்துக் கொள்ளுங்கள், உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது. மறுநாள் பாப்பாவுக்குச் சோறு ஊட்டல் நல்லபடியாக முடிந்தது. கோயில் பிரசாதச் சாப்பாட்டை மாமியார் சிவப்புச் சோறா வெள்ளைச் சோறா என்று கூடப் பார்க்காமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதைச் சொல்லிக் காட்டினால் என்னைத் திட்டுவார், விடுங்கள்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் மகளுக்கு அடிவயிற்று வலி, எரிச்சல், காய்ச்சல். டாக்டரம்மா பரிசோதனை எழுதிக் கொடுத்து, நீர்த்தாரையில் கிருமி என்றார். "எத்தனை மணி நேரம் அடக்கி வெச்சே?" என்று அவளிடம் கேட்டார். அவள் விரல் விட்டு எண்ணினாள். பதினோரு மணி நேரம். டாக்டரம்மா அவளை ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். தண்ணீர் குறைவாகக் குடித்து அடக்கி அடக்கி வைத்தால் கிருமி தங்கி விடும், திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகம் வரை போகும் என்று எடுத்துச் சொன்னார். பள்ளிக்கூடத்திலும் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் வரும் பெண் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறாராம்.

ஒரு வாரம் மாத்திரை. செலவை நான் கணக்குப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரர் பார்த்தார். பார்த்து விட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். "உங்ககிட்ட சொல்ற மாதிரி நீங்க எப்பங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டு விட்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

புரட்டாசியில் மறுபடி ஒரு பயணம் இருக்கிறது. இந்தத் தடவை 80 இட்லி கிடையாது என்று மாமியாரிடமே சொல்லி விட்டேன். கட்டுச்சோறு ஒரு வேளைக்கு மட்டும். மற்றபடி போகிற ஊர்ச் சாப்பாடு. ஆனால் வீட்டிலிருந்து கொதிக்க வைத்த தண்ணீர் இரண்டு கேன் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரும் கேட்காமலே வண்டி நிற்கும், அதை டிரைவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியது என் வீட்டுக்காரர் பொறுப்பு. சரி என்று ஒப்புக் கொண்டிருக்கிறார், பார்க்கலாம்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் இப்போது குழப்பம். கரூரிலிருந்து கோயமுத்தூர் வரையிலும், திண்டுக்கல், பழனி பாதையிலும் பெண்கள் தைரியமாகப் போகிற மாதிரி கழிப்பறையும், காசு கேட்காமல் நல்ல தண்ணீரும் உள்ள இடம் தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். கடை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தால் போதும்.

- ஒரு குடும்பத் தலைவி, கரூர்