அகக் கோட்டை

செஞ்சியின் மூன்று குன்றுகளைக் கண்டோர் அரண் என்னும் சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டார். இராசகிரி ஒன்றே ஏறத்தாழ 800 அடி உயர்ந்து நிற்கின்றது. கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் அதற்குத் துணை. மதிலும் களஞ்சியமும் சுனையும் குறைவற அமைந்தன. ஆயினும், 1690-ல் தொடங்கிய மொகலாயர் முற்றுகையை ஏறத்தாழ எட்டாண்டு தாங்கிய இக்கோட்டை 1698-ல் வீழ்ந்தது. அடைக்கலம் புகுந்திருந்த மராட்டிய வேந்தன் இராசாராமன் அதற்கு முன்னரே தப்பிச் செல்ல நேர்ந்தது. பின்னர் 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் இதனைக் கைக்கொண்டனர். கல் இன்றும் நிற்கின்றது, காவலோ நிற்கவில்லை.

எபிரேய மறையின் சங்கீதங்களிலும் கன்மலையும் கோட்டையும் பலகாலும் வருகின்றன. 91-ஆம் சங்கீதம் இறைவனைச் சுட்டும் ‘மெட்சூதா’ என்னும் சொல்லே, சாமுவேலின் முதலாம் புத்தகத்தில், சவுலுக்கு அஞ்சித் திரிந்த தாவீது ஏறி ஒதுங்கிய மலையரணையும் சுட்டுகின்றது. ஆகவே, அகப்பொருள் காண்டல் பிற்காலத்தார் வலிந்து ஏற்றியதன்று; மறைநூலே அதற்கு வழி திறந்து வைத்துள்ளது. யூத ஆசிரியர் வேதத்திற்குச் சொற்பொருள் முதல் மறைபொருள் ஈறாக நால்வகைப் பொருள் வகுத்தனர். உள்ளுறையும் இறைச்சியும் பயிலும் தமிழ் மாணவர்க்கு இது வியப்பன்று.

உலகத் துன்பத்திற்குப் புறங்காட்டி ஓடும் வழியன்றோ இஃது என வினவுவோர் உளர். அவ்வையம் நியாயமானதே. ஆயினும், கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத ஞானி பீலோ என்பார், ஆபிரகாமின் பயணத்தைப் புலன்வழி நீங்கும் ஆன்மாவின் பயணமாகக் கண்டும், அகப்பொருள் அறிந்தோம் என்று திருச்சட்டத்தின் புறவொழுக்கத்தைக் கைவிட்டாரைக் கடிந்தனர். அகம் புறத்தை விலக்குவதன்று, அதற்கு உயிரூட்டுவது.

இதற்குச் சான்று தாவீதே. எங்கேதிக் குகையில் சவுல் தனியனாய் அகப்பட்டபோது, தாவீது அவன் உயிரைக் கவர்ந்திலன். ஆடையின் ஓரத்தை மாத்திரம் அறுத்தான். மதிலை நம்பினவன் பகைவனை அஞ்சி அம்பு தொடுப்பான். இறைவனை அரணாகக் கொண்டவனுக்கு அவ்வச்சம் இல்லை.

நண்பர்காள்! தேர்வும் வேலையும் எதிர்காலமும் நம்மை முற்றுகையிடும் பருவம் இது. மறைநூலைத் திறந்து அகக்கோட்டையுட் புகுவோம். புகுந்தவன் அச்சம் நீங்கி, அயலானிடத்து அன்பு மிகுந்து வெளிவருவானாயின், அவன் கண்ட புகலிடம் மெய். கதவைத் தாழிட்டு உள்ளேயே இருந்துவிடுவானாயின், அக்கோட்டை செஞ்சியினும் விரைவில் வீழும் என்பது எமது துணிபு.