பிரிவினை வேண்டாம் என்ற மவ்லானா

1940களில் இரண்டு பேர். ஒருவர் லண்டனில் சட்டம் படித்த, கோட்டு சூட்டு போட்ட பாரிஸ்டர். இன்னொருவர் தாடி வைத்த, ஹதீஸ் பாடம் நடத்துகிற மதரஸா ஆசிரியர். மதத்தின் பெயரால் தனி நாடு கேட்டவர் முதலாமவர், ஜின்னா. அது கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் இரண்டாமவர். அவர் பெயர் மவ்லானா ஹுசைன் அஹ்மத் மதனி. நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்போம்?

1879இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பிறந்தவர். தேவ்பந்தில் படித்துவிட்டு, மதீனாவில் நபிகள் நாயகத்தின் பள்ளிவாசலிலேயே பல வருடங்கள் பாடம் நடத்தினார். ஆங்கிலேயருக்கு எதிராகத் திட்டம் தீட்டியதாக அவருடைய ஆசிரியர் மஹ்மூத் ஹசன் பிடிபட்டபோது இவரும் கூடவே போனார். 1920 வரை மால்டா தீவில் சிறை. அடுத்த வருடமே கராச்சி மாநாட்டில், பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்ப்பது முஸ்லிமுக்கு ஹராம் என்று பேசி, அலி சகோதரர்களோடு மறுபடியும் சிறை!

ஆனால் இதெல்லாம் அல்ல, எனக்கு முக்கியமாகப் படுவது 1938. இந்தக் காலத்தில் தேசம் என்பது மதத்தால் அல்ல, வாழும் நிலத்தால்தான் அமைகிறது என்றார் மதனி. கவிஞர் இக்பால் கொதித்துப்போய்க் கவிதையிலேயே சாடினார். மதனி விடவில்லை, தனிப் புத்தகமே எழுதினார். அவர் காட்டிய ஆதாரம் எந்த ஐரோப்பியச் சிந்தனையும் இல்லை. நபிகள் மதீனாவில் யூதர்களோடு செய்த உடன்படிக்கைதான். அவரவர் மதம் அவரவருக்கு, ஊரைக் காப்பது எல்லோருக்கும் பொது. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஒரு பார்ட்னர்ஷிப் டீட்.

இதை வைத்து அவரை மதச்சார்பின்மைவாதி என்று கொண்டாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஷரியத் சட்டம் முஸ்லிம்களுக்குத் தொடரும் என்ற நம்பிக்கையில்தான் அவர் அந்த ஒப்பந்தத்துக்கே வந்தார். அதில் தன் சமூகத்துப் பெண்களின் குரலுக்கு எவ்வளவு இடம் வைத்திருந்தார் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனாலும் மதப்பற்று முற்றினால் நாடு பிரியும் என்கிற சூத்திரம் இந்த மனிதரிடம் வந்ததும் உடைந்து போகிறது.

1945-46 தேர்தல்களில் லீகை எதிர்த்துப் பிரசாரம் செய்தார், அவமானப்பட்டார். மத்திய சட்டசபையின் முஸ்லிம் தொகுதிகள் 30ஐயும் லீக் அள்ளியது. அதே தேவ்பந்தின் ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி லீக் பக்கம் போய்விட்டார். ஒரே மதரஸா, ஒரே ஆசிரியர், இரண்டு முடிவுகள்! அந்தத் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டும் கிடையாது. வரி, சொத்து, படிப்பு என்று ஏதாவது தகுதி இருந்தவர்களுக்குத்தான். அந்த முடிவைத்தான் இன்றைக்கும் "முஸ்லிம்கள் கேட்டு வாங்கிய பிரிவினை" என்று பேசுகிறோம்.

பிரிவினைக்குப் பிறகு மதனி எந்தப் பதவிக்கும் போகவில்லை. 1957இல் இறக்கும் வரை தேவ்பந்தில்தான் இருந்தார்.