எலைன் சி. ஸ்மித்

எலைன் சி. ஸ்மித் (பிறப்பு: ஆகஸ்ட் 2, 1958) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மேடை, தொலைக்காட்சி நடிகையும் நகைச்சுவைக் கலைஞரும் அரசியல் செயற்பாட்டாளரும் ஆவார். பிபிசியின் ராப் சி. நெஸ்பிட் தொடரில் மேரி என்னும் மனைவியாகவும், டூ டோர்ஸ் டவுன் தொடரில் கிறிஸ்டின் என்னும் அண்டைவீட்டாராகவும் நடித்துப் பரவலாக அறியப்பட்டார். தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஊரிலிருந்து வந்து, உள்ளூர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளாமலேயே முன்னணிக்கு உயர்ந்தவர் என்பதால், ஸ்காட்லாந்தில் கலைக்கான அரசு உதவி, ஒலிபரப்புக் கொள்கை, மொழி ஆகியவை பற்றிய இன்றைய விவாதங்களைப் புரிந்துகொள்ள இவரது வாழ்க்கை ஒரு நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

பிறப்பும் கல்வியும்

ஸ்மித் கிளாஸ்கோ நகரின் கிழக்கே உள்ள பெய்லிஸ்டனில் பிறந்து, மதர்வெல் நகருக்கு அருகிலுள்ள நியூஆர்த்தில் என்னும் ஊரில் வளர்ந்தார். இப்பகுதி நிலக்கரிச் சுரங்கங்களையும் எஃகு ஆலைகளையும் நம்பி வாழ்ந்த பகுதியாகும். மதர்வெல்லில் இயங்கிய ரேவன்ஸ்கிரெய்க் எஃகு ஆலை 1992 ஆம் ஆண்டு மூடப்பட்டது.

கிளாஸ்கோவில் உள்ள ராயல் ஸ்காட்டிஷ் இசை நாடகக் கழகத்தில் ஸ்மித் நாடகம் பயின்றார். இக்கழகம் 2011 முதல் ராயல் கன்சர்வேட்டரி ஆஃப் ஸ்காட்லாந்து என்ற பெயரில் இயங்குகிறது. பின்னர் எடின்பரோவின் மோரே ஹவுஸ் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெற்று, அந்நகரப் பள்ளி ஒன்றில் நாடக ஆசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார்.

இவர் படித்த 1970களில் பிரித்தானியாவில் உயர்கல்வி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை; குறைந்த வருமானமுள்ள குடும்பத்து மாணவர்களுக்குத் தங்கும் செலவுக்கும் உணவுக்கும் திருப்பித் தரவேண்டாத உதவித்தொகை கிடைத்தது. 1998க்குப் பின் இம்முறை மாறியது. ஸ்காட்லாந்தில் வசிக்கும் மாணவர்களுக்கு முதல் பட்டப்படிப்பு இன்றும் கட்டணமின்றிக் கிடைத்தாலும், வாழ்க்கைச் செலவின் பெரும்பகுதியைக் கடனாகவே பெறவேண்டியுள்ளது. நிலையான வருமானத்துக்கு உறுதியில்லாத நடிப்புத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

பயண நாடகக் குழுக்கள்

1980களின் தொடக்கத்தில் ஸ்மித் ஆசிரியப் பணியை விட்டு 7:84 நாடகக் குழுவில் இணைந்தார். பிரித்தானியாவின் செல்வத்தில் 84 விழுக்காடு மக்கள்தொகையில் 7 விழுக்காட்டினரிடம் உள்ளது என்ற அக்காலக் கணக்கிலிருந்து இக்குழு தன் பெயரைப் பெற்றது. நாடக ஆசிரியர் ஜான் மெக்ராத் 1971 இல் இதைத் தொடங்கினார். 1973 இல் ஸ்காட்லாந்துக்கெனத் தனிக் கிளை உருவானது. அக்கிளையின் முதல் நாடகம், மலைநாட்டுக் குடியானவர்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட வரலாற்றையும், 1970களில் வடகடலில் கிடைத்த எண்ணெயின் பயன் யாருக்குச் சேர்கிறது என்ற கேள்வியையும் இணைத்துக் காட்டியது.

இக்குழுவின் நடைமுறை வழக்கமான நாடக அரங்குகளிலிருந்து வேறுபட்டது. நடிகர்கள் ஒரு வேனில் மேடைப் பொருட்களுடன் ஊர் ஊராகச் சென்று, ஊர்க் கூடங்களிலும் தொழிலாளர் மன்றங்களிலும் நடித்தனர். நாடகத்தின் நடுவே பாட்டும் நகைச்சுவையும் பார்வையாளருடன் நேர்ப்பேச்சும் இடம்பெற்றன. ஒரே நடிகர் பாடவும் இசைக்கருவி வாசிக்கவும் பல வேடங்கள் ஏற்கவும் வேண்டியிருந்தது. அடுத்து ஸ்மித் பணியாற்றிய வைல்ட்கேட் குழு, 7:84 இலிருந்து பிரிந்து 1978 இல் டேவிட் மெக்லெனன், டேவிட் ஆண்டர்சன் ஆகியோரால் தொடங்கப்பட்ட இசை நாடகக் குழுவாகும்.

வைல்ட்கேட் 1987 இல் மேடையேற்றிய தி ஸ்டீமி நாடகத்தின் முதல் நடிகர் குழுவில் ஸ்மித் இடம்பெற்றார். டோனி ரோப்பர் எழுதிய இந்நாடகம் 1950களின் ஓர் ஆண்டிறுதி நாளில் கிளாஸ்கோவின் பொதுச் சலவைக்கூடம் ஒன்றில் நிகழ்வதாகும். துணி துவைக்க வந்த பெண்களின் பேச்சே இதன் கதை. இது 1988 இல் தொலைக்காட்சிக்கும் சென்றது. ஸ்காட்லாந்தில் மீண்டும் மீண்டும் மேடையேறும் நாடகங்களுள் ஒன்றாக நிலைத்துள்ளது.

தொலைக்காட்சி

1980களில் பிபிசி ஸ்காட்லாந்தின் நகைச்சுவைப் பிரிவு கிளாஸ்கோவிலிருந்து பல நிகழ்ச்சிகளைத் தயாரித்தது. 1986 இல் தொடங்கிய நேக்கட் வீடியோ என்னும் துணுக்கு நகைச்சுவை நிகழ்ச்சியில் ஸ்மித் நடித்தார். அதில் கிரெகர் ஃபிஷர் ஏற்ற ராப் சி. நெஸ்பிட் என்னும் பாத்திரம் வரவேற்பைப் பெற்றதால், எழுத்தாளர் இயன் பாட்டிசன் அதைத் தனித் தொடராக வளர்த்தார். 1988 இல் ஒரு சிறப்பு நிகழ்ச்சியாக வந்த இது, 1990 முதல் 1999 வரை தொடராக ஒளிபரப்பானது. 2008 இல் மீண்டும் தொடங்கி 2014 வரை வெளிவந்தது.

கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் வேலையின்றிக் குடித்துத் திரியும் ராப், தன்னை ஒரு தெருத் தத்துவஞானியாகக் கருதிக்கொள்பவர். அவரது மனைவி மேரியாக ஸ்மித் நடித்தார். எளிதில் ஒரு புலம்பும் மனைவியாகச் சுருங்கியிருக்கக்கூடிய இப்பாத்திரம், தொடர் வளர வளர வீட்டைத் தாங்கி நிற்கும், கணவனுக்கு ஈடாகப் பதில் சொல்லும் பெண்ணாக வளர்ந்தது. இத்தொடர் வறியவர்களைக் கேலி செய்கிறது என்று ஒரு சாராரும், தொலைக்காட்சி பேசத் தயங்கும் வறுமையை அவர்களின் சொந்தக் குரலில் பேசுகிறது என்று மறு சாராரும் கூறினர். வேலையின்மை மிகுந்திருந்த காலத்தில் வேலையில்லாத குடும்பம் ஒன்று பிரித்தானியா முழுவதும் பார்க்கப்பட்டது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

டூ டோர்ஸ் டவுன் தொடர் (2016–2023) கிளாஸ்கோ புறநகரின் நடுத்தர வர்க்கத் தெரு ஒன்றைக் களமாகக் கொண்டது. சைமன் கார்லைல், கிரெகர் ஷார்ப் ஆகியோர் இதை எழுதினர். அழைக்காமல் வந்து அமர்ந்து, மனதில் தோன்றியதை அப்படியே சொல்லிவிடும் கிறிஸ்டினாக ஸ்மித் நடித்தார். இத்தொடர் பின்னர் பிபிசியின் முதன்மை அலைவரிசைக்கு உயர்ந்தது. கார்லைல் 2023 ஆகஸ்ட் மாதம் காலமானார்.

மேடைக்கு மீள்வு

தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பின்னரும் ஸ்மித் மேடையை விடவில்லை. 2009 இல் ஒரு திறன்காண் நிகழ்ச்சியின் வழியாக உலகப் புகழ்பெற்ற ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயிலின் வாழ்வைச் சொல்லும் ஐ டிரீம்ட் எ டிரீம் என்னும் இசை நாடகத்தை ஆலன் மெக்ஹியூவுடன் இணைந்து எழுதி, 2012 இல் பாயிலாகத் தாமே நடித்தார்.

அபர்டீனிலும் பின்னர் கிளாஸ்கோவின் கிங்ஸ் அரங்கிலும் பல ஆண்டுகள் பான்டமைம் நாடகங்களில் முதன்மை நகைச்சுவை வேடம் ஏற்றார். பான்டமைம் என்பது பிரித்தானியாவில் கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பங்களுக்காக நடத்தப்படும் பாட்டும் சிரிப்பும் கலந்த தேவதைக் கதை நாடகமாகும். இதன் முதன்மை நகைச்சுவைப் பெண் வேடத்தை ஆண்களே ஏற்பது நெடுங்கால வழக்கம். அவ்விடத்தில் ஒரு பெண் ஆண்டுதோறும் பெரிய அரங்கை நிரப்பியது குறிப்பிடத்தக்கது. பல வட்டார அரங்குகள் இந்த சில வார வருமானத்தைக் கொண்டே ஆண்டின் பிற நாடகங்களைத் தாங்குகின்றன.

மொழி

ஸ்மித் ஏற்ற பாத்திரங்கள் பெரும்பாலும் கிளாஸ்கோ மக்களின் ஸ்காட்ஸ் பேச்சைக் கொண்டவை. ஸ்காட்ஸ் ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய, தனக்கென இலக்கிய மரபுடைய மொழியாகும். ஆயினும் இவர் வளர்ந்த காலத்துப் பள்ளிகளில் இது பிழையான ஆங்கிலமாகவே கருதப்பட்டுத் திருத்தப்பட்டது. நடிப்புப் பயிற்சியிலும் தென் இங்கிலாந்தின் உயர்குடி உச்சரிப்பே பொதுவான அளவுகோலாக இருந்தது. வீட்டுப் பேச்சு சிரிப்புக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் சுமார் 15 லட்சம் பேர் தமக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் எனப் பதிவுசெய்தனர். 2025 இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய மொழிகள் சட்டம், கேலிக் மொழிக்கும் ஸ்காட்ஸ் மொழிக்கும் அலுவல் தகுதி அளித்தது. இத்தகுதி அவ்வாண்டு நவம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அம்மொழியைக் கேட்கும் பழக்கத்தைப் பொதுமக்களிடம் நிலைநிறுத்தியதில் ஊர்க் கூட நாடகங்களுக்கும் வட்டாரத் தொலைக்காட்சிக்கும் பங்குண்டு.

அரசியல் ஈடுபாடு

ஸ்மித் ஸ்காட்லாந்து விடுதலையை ஆதரிப்பவர். 2014 பொது வாக்கெடுப்பில் விடுதலைக்கு ஆதரவாகப் பரப்புரை செய்தார். கட்சி சார்பற்ற கூட்டமைப்பான ஸ்காட்டிஷ் இண்டிபென்டன்ஸ் கன்வென்ஷனின் அழைப்பாளராகவும் இருந்தார். 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர், 55.3 விழுக்காட்டினர் பிரிவை ஏற்கவில்லை. லண்டனின் ஒப்புதலின்றி மீண்டும் வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலைகளுக்கான நிதி ஸ்காட்லாந்து அரசின் பொறுப்பிலும், ஒலிபரப்பு லண்டன் அரசின் பொறுப்பிலும் தொடர்ந்து இருக்கின்றன. எனவே கீழ்க்காணும் சிக்கலுக்கு இரு அரசுகளும் ஒருசேரப் பதிலளிக்க வேண்டியுள்ளது.

இன்றைய நிலை

ஸ்மித்தின் வாழ்க்கைப் பாதையில் மூன்று படிகளைக் காணலாம். முதலாவது, கட்டணமற்ற பயிற்சி. இரண்டாவது, அரசு உதவி பெற்று ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழு. மூன்றாவது, வட்டாரத்திலிருந்தே நாடு முழுவதற்கும் நிகழ்ச்சி தயாரித்த தொலைக்காட்சி நிலையம். இவற்றுள் நடுப்படியே முதலில் சரிந்தது. வைல்ட்கேட் 1997 இல் அரசு நிதியை இழந்தது. ஸ்காட்லாந்து 7:84 குழு 2008 இல் முடிவுற்றது.

இந்த இடம் முற்றிலும் வெறுமையாகிவிடவில்லை. வைல்ட்கேட்டின் மெக்லெனன் 2004 இல் கிளாஸ்கோவில் நண்பகல் நாடகத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஒரே நுழைவுச்சீட்டில் ஒரு குறுநாடகமும் உணவும் பானமும் கிடைக்கும் இத்திட்டம் அவர் 2014 இல் மறைந்த பின்னரும் தொடர்கிறது. 2006 முதல் நாடகங்களை மேடையேற்றிவரும் ஸ்காட்லாந்து தேசிய நாடக அமைப்பு தனக்கென நாடக அரங்கம் இன்றிப் பல ஊர்களில் நிகழ்த்துகிறது. எனினும் ஒரு நடிகருக்கு மாதக்கணக்கில் தொடர்ந்து வேலையும் ஊதியமும் அளித்து, பல வகைப் பார்வையாளர் முன் பழக்கிய நிலையான குழுக்கள் அரிதாகிவிட்டன.

நிதியின் நிச்சயமின்மையும் தொடர்கிறது. 2024 ஆகஸ்டில், அரசிடமிருந்து எதிர்பார்த்த தொகை உறுதியாகவில்லை எனக் கூறிக் கிரியேட்டிவ் ஸ்காட்லாந்து நிறுவனம் தனிக் கலைஞர்களுக்கான நிதியை மூடியது. கடும் எதிர்ப்புக்குப் பின் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2025 ஜனவரியில் 251 அமைப்புகளுக்கு மூன்றாண்டுகளுக்கென 20 கோடி பவுண்டுக்கும் மேல் அறிவிக்கப்பட்டது.

மூன்றாம் படியிலும் மாற்றம் வந்துள்ளது. டம்பார்டன் நகரில் படமாக்கப்பட்டு 2002 முதல் ஒளிபரப்பான ரிவர் சிட்டி தொடரை 2026 இல் முடித்துக்கொள்வதாக பிபிசி 2025 மார்ச்சில் அறிவித்தது. மக்கள் நெடுந்தொடர்களைக் குறைவாகவே பார்க்கின்றனர், அப்பணத்தைக் குறுந்தொடர்களில் செலவிட்டால் ஸ்காட்லாந்து நாடகங்கள் நாடு முழுவதும் சென்றடையும் என்பது பிபிசியின் வாதம். நடிகர் சங்கமான ஈக்விட்டி இதை எதிர்த்தது. குறுந்தொடர்கள் சில மாதங்களில் முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் இயங்கும் தொடரே புதிய நடிகர்களும் எழுத்தாளர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் வேலை கற்கும் இடம் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

இரு வாதங்களும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடையளிக்கின்றன. எந்த நிகழ்ச்சியை அதிகம் பேர் பார்ப்பர் என்பது ஒன்று. அந்நிகழ்ச்சியில் நடிக்க யார் தயாராக இருப்பர் என்பது மற்றொன்று. மேரியாகத் திரையில் தோன்றுவதற்கு முன் ஸ்மித் வகுப்பறையிலும் ஊர்க் கூடங்களிலும் பல ஆண்டுகள் பழகியிருந்தார். அப்பழக்கத்துக்கான செலவின் பெரும்பகுதியை அவரது குடும்பம் ஏற்கவில்லை, பொதுப்பணம் ஏற்றது. அச்செலவை யார் ஏற்பது என்பது முடிவாகாத நிலையில், சொந்தப் பணமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளே இத்தொழிலில் காத்திருக்க இயலும். நியூஆர்த்தில் போன்ற ஊர்களின் பேச்சுக்கு இன்று சட்டத் தகுதி கிடைத்துள்ளது. அப்பேச்சை மேடையில் பேச அவ்வூர்களிலிருந்து நடிகர்கள் வருவார்களா என்பது, சரிந்த படிகளுக்கு ஈடாக எவை அமைக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது.