யாரும் அறியாத பெரட்டு

சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்துத் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குத் தொழிலாளர் கூடிய காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கிராணி செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பார்; கங்காணி தலைகளை எண்ணுவார்; வராதவன் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் கருணை இல்லை. ஆனால் ஒளிவும் இல்லை. எண்ணுகிறவர் யார், எதற்காக எண்ணுகிறார், எந்தப் புத்தகத்தில் எழுதுகிறார் என்பது எண்ணப்பட்டவனுக்குத் தெரிந்திருந்தபடியால், பெயர் விடுபட்ட நாளுக்குக் கூலி கேட்டு வழக்காடவாவது அவனுக்கு வழி இருந்தது. இன்றோ, நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி, நாம் அறியாமலே, நாழிகைக்கு நாழிகை நமக்காகப் பெரட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

2025 ஜூன் மாதத் தொடக்கத்தில், ஹாங்காங்கிலிருந்து வெளிவரும் சௌத் சைனா மார்னிங் போஸ்ட் ஒரு செய்தியை வெளியிட்டது. அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களுக்குரிய அழைப்புப் பதிவுகளையும் இணையப் பயன்பாட்டுப் பதிவுகளையும் ஒப்படைக்குமாறு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கைப்பேசி நிறுவனங்களைக் கேட்டிருக்கிறது என்பதே அதன் சாரம். சுற்றுலா, தகவல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் புள்ளிவிவரங்களுக்காகவே இத்திட்டம் என்றும், தனிமனிதரை இனங்காட்டும் விவரங்கள் நீக்கப்பட்ட பின்னரே தரவுகள் பெறப்படுகின்றன என்றும் ஆணையம் உடனே விளக்கம் தந்தது. அவ்விளக்கம் பொய் என்று நாம் சொல்லவில்லை. புள்ளிவிவரம் வேண்டாம் என்பதும் நம் கட்சியன்று. நம்மை உறுத்துவது வேறு: நாட்டு மக்கள் அனைவரையும் தொடுகின்ற ஒரு காரியத்தை, நம்மில் மிகப் பெரும்பாலோர் அயல்நாட்டுப் பத்திரிகை ஒன்றின் வாயிலாக அல்லவா அறிய நேர்ந்தது!

பெயரை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்ற சமாதானத்தையும் சற்றே ஆராய வேண்டும். 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசித் தடங்களைப் பரிசோதித்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே நான்கு புள்ளிகள் கிடைத்தால், அவர்களில் 95 விழுக்காட்டினரின் தடத்தைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. பந்திங்கில் ஒரு வீட்டில் இரவு தங்கி, காலையில் தெலுக் பங்லிமா காராங்கின் ஒரு தொழிற்சாலைக்குச் சென்று, வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் நான்கு மணி நேரம் இருந்து, வெள்ளி மாலையில் கோயிலுக்கு வரும் கைப்பேசி யாருடையது என்று சொல்ல, பெயர்ப் பட்டியல் எதற்கு? அந்தத் தெருவில் வசிக்கும் எவரும் சொல்லிவிடுவார்களே! சேர்த்து வைத்த தரவு சேர்த்தவர் கையிலேயே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இந்நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்த சேதி 2017 அக்டோபரில் அம்பலமானதை நாம் மறந்துவிடவில்லை.

இத்தகைய செய்தியை உள்ளிருந்து வெளியே சொல்கிறவன் துரோகியா, நம் ஹிதத்தை நாடுபவனா என்பதே இன்று தீர்க்க வேண்டிய தர்மப் பிரச்சினை. அரசுக்கு இரகசியமே கூடாது என்பது நம் அபிப்பிராயமன்று. கொள்ளைக் கூட்டம் ஒன்றின் தலைவனைப் போலீஸார் பின்தொடர்கையில் அதை அவன் காதில் போட்டுவைப்பவன் குற்றவாளியே. ஆனால் அங்கே மறைக்கப்படுவது ஒருவனைப் பற்றிய நடவடிக்கை. இங்கே மறைக்கப்படுவது எல்லாரையும் கட்டும் விதி. அந்த விதி வெளிப்பட்டால் எச்சரிக்கை பெற்றுத் தப்பியோடக்கூடிய குற்றவாளி எவனும் குறிப்பாக இல்லை; எச்சரிக்கை பெறுகிறவர்கள் பிரஜைகளே. எல்லாரையும் கட்டும் விதி எவருக்கும் இரகசியமாக இருக்கலாகாது. அதை மறைப்பது அரசின் உரிமை ஆகாதபடியால், அதை வெளிப்படுத்துவது விசுவாச பங்கமும் ஆகாது.

வள்ளுவரே ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, எல்லார்க்கும் நிகழ்வதை நாள்தோறும் விரைந்தறிவது வேந்தனுடைய தொழில் என்றாரே எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே அதிகாரத்தில், ஒற்றன் கொண்டுவந்த செய்தியையும் வேறோர் ஒற்றனால் சோதித்த பிறகே ஏற்க வேண்டும் என்றும் அவர் விதித்திருக்கிறார். மன்னராட்சியிலேயே கண்காணிப்பவனுக்கு மேல் ஒரு கண்காணிப்பு தேவைப்பட்டதென்றால், மக்களே மன்னர்களாகிவிட்ட காலத்தில் அது தேவையில்லை என்று வாதிப்பது எங்ஙனம் பொருந்தும்? மனச்சாட்சி உறுத்தி உண்மையைச் சொல்ல முன்வரும் ஊழியன், மக்களாகிய வேந்தனுக்கு வாய்த்த அந்த இரண்டாம் ஒற்றன்.

2013இல் எட்வர்ட் ஸ்னோடன், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் நாட்டு மக்களின் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டியதை அம்பலப்படுத்தினார். அதற்குச் சட்டம் இடந்தரவில்லை என்று அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2015 மே மாதம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் அந்த ஒரு விதியை மெய்ப்பிக்கத் தேவையானதைக் காட்டிலும் பன்மடங்கு ஆவணங்களை அவர் அள்ளிச் சென்றார் என்ற குற்றச்சாட்டை நாம் புறந்தள்ளவில்லை. விதியைச் சொல்; ஆளைக் காட்டிக்கொடுக்காதே. சான்றுக்கு வேண்டியதை மட்டும் எடு. மக்களின் தரவை நீயும் அள்ளாதே. உள்ளே முறையிட வழியிருந்தால் முதலில் முறையிடு. இவையே அத்தகையோருக்குரிய ஆசாரம். இதில் நம் அரசு சிந்திக்க வேண்டிய ஒன்றும் உண்டு: கோலாலம்பூரிலுள்ள தூதரகங்களிலிருந்து வேவு பார்க்கப்பட்டதாக ஸ்னோடனின் ஆவணங்களையொட்டிச் செய்தி வந்தபோது, 2013 நவம்பரில் நமது வெளியுறவு அமைச்சு அமெரிக்க, ஆஸ்திரேலியத் தூதர்களை அழைத்து ஆட்சேபம் தெரிவித்தது. அயலான் வீட்டு இரகசியம் வெளிப்பட்டபோது அதன் பயனை மறுக்காத நாம், நம் வீட்டில் வாய் திறப்பவனை மட்டும் தண்டிப்பது நியாயமாகுமா?

தண்டிக்கும் வசதிக்கோ இங்கே குறைவில்லை. அரசாங்க இரகசியச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தத்தால், இரகசியத்தை வெளியிட்டவருக்குக் குறைந்தது ஓராண்டு, கூடினால் ஏழாண்டு சிறை. தகவல் அளிப்போரைக் காக்க 2010இல் வந்த சட்டம், அமலாக்க நிறுவனத்திடம் சொன்னால்தான் காக்கும்; அதுவும் வேறு சட்டம் தடுத்த செய்தியாயின் காக்காது என்ற நிபந்தனையோடுதான் பிறந்தது. 2025இல் அதைத் திருத்த நாடாளுமன்றம் முற்பட்டது வரவேற்கத்தக்கதே. எனினும் அமலாக்க நிறுவனத்தை நாடினால்தான் பாதுகாப்பு என்ற கட்டு அவிழவில்லை. முறையீடே அரசின் மீது எனும்போது, அதை அரசின் செவியிலேயே ஓது என்பது எத்தகைய பாதுகாப்பு? வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்ட விவகாரத்தில் அரசியல்வாதி ரஃபிஸி ரம்லியோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்ட வங்கிக் கிராணி ஒருவர், 2018 பிப்ரவரியில் 30 மாதச் சிறைத்தண்டனை பெற்று, 2019 நவம்பரில்தான் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். 2012இல் தொடங்கிய வழக்கு! அரசியல்வாதிக்குக் கட்சி இருக்கிறது, மேடை இருக்கிறது. கிராணிக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே நாம் கோருவன மூன்று. பொதுநன்மையை முன்னிட்டு வெளியிட்டேன் என்ற எதிர்வாதத்தை அரசாங்க இரகசியச் சட்டம் ஏற்க வேண்டும். அனைவரையும் தொடும் கண்காணிப்பைப் பற்றி நாடாளுமன்றக் குழுவிடமும், அது செவிசாய்க்காவிடில் பத்திரிகையிடமும் சொல்பவருக்குச் சட்டம் அரணாக வேண்டும். கூட்டரசையும் மாநில அரசுகளையும் தன் மூன்றாம் பிரிவால் விலக்கி வைத்திருக்கும் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அவற்றையும் கட்ட வேண்டும். மத்திய அரசுக்கென இன்னும் ஒரு தகவலுரிமைச் சட்டம் வராத நிலையில், 2011லேயே தனக்கென அப்படி ஒன்றை இயற்றிய சிலாங்கூரின் மக்கள் இதைக் கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை.

எண்ண வேண்டுமானால் எண்ணட்டும்; ஆனால் அந்தக் காலத்துக் கிராணியைப் போலக் களத்தில் நின்று, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணட்டும். அது நடக்காதவரையில், புத்தகம் ஒன்று இருக்கிறது என்று நமக்கு வந்து சொல்பவனைச் சிறைக்கு அனுப்ப நாம் சம்மதிக்கலாகாது.