இறந்த அரோவானாவும் நம் வீட்டுச் சுவரும்



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் மதரஸா மாணவன் ஒருவனின் தந்தை என்னைச் சந்தித்தார். ஏழு ஆண்டுகளாக வளர்த்த அரோவானா மீன் இறந்துவிட்டதாம். அதைக் குளிர்பெட்டியில் உறைய வைத்திருக்கிறாராம். "பாடம் செய்து கூடத்தில் மாட்ட எண்ணுகிறேன். எந்த முறை மார்க்கத்திற்கு உகந்தது, ஹஜ்ரத்?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவருடைய ஒன்பது வயது மகன் கேட்டான்: "வாப்பாவுக்கு வரவிருந்த ஆபத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டுதான் மீன் செத்துச்சாம். உண்மையா ஹஜ்ரத்?"

தந்தையின் கேள்வியைவிட மகனின் கேள்வியே என் உறக்கத்தைக் கெடுத்தது.

முதலில் தந்தையின் கேள்விக்கு வருவோம். இத்தொழிலில் நான்கு முறைகள் உள்ளன. ஒன்று, தோலை உரித்துச் சதையை நீக்கி, வெண்காரம் தடவி, நுரைப்பொருளில் செதுக்கிய உடலின்மீது போர்த்துவது. காய்ந்த தோலில் மீனின் நிறம் நிற்பதில்லை. மீண்டும் வண்ணம் தீட்டியாக வேண்டும். தலை சுருங்குவதால் செயற்கைத் தலை பொருத்துவோரும் உண்டு. இரண்டு, உறைந்த மீனை வெற்றிடக் கலத்தில் வாரக்கணக்கில் வைத்து ஈரத்தை வெளியேற்றுவது. உள்ளே எஞ்சும் கொழுப்பு பின்னர் கசியும்; பூச்சியும் அரிக்கும். மூன்று, ஃபார்மலினில் ஊறவைத்துப் பின் ஸ்பிரிட் நிறைந்த கண்ணாடிக் குடுவையில் இடுவது. நிறம் வெளுத்துவிடும். நான்கு, உடலையே விட்டுவிட்டு, அளவையும் நிழற்படத்தையும் கொண்டு ஃபைபரில் புதிதாக ஒரு மீனை வார்ப்பது. நெடுங்காலம் உழைப்பது இதுவே என்பர் விற்பவர்கள்.

மீனின் சடலம் தூய்மையானது. தானாகச் செத்து மிதக்கும் மீனை உண்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஆனால் அது அசுத்தமன்று. இதைக் கொண்டு "பிறகென்ன, மாட்டலாமே" என்போர் அவசரப்படுகின்றனர். சந்தை சிறந்தது என்று சொல்லும் ஃபைபர் மீன், மார்க்கத்தின் பார்வையில் உயிரினத்தின் சிலையேயன்றி வேறென்ன? செயற்கைத் தலையும் தீட்டிய வண்ணமும் கொண்ட தோல் மீனும் பாதிச் சிலையாகிவிடுகிறதே! குடுவை மீன் கல்லூரி ஆய்வகத்தில் பாடம் கற்பிக்க இருக்கட்டும். விருந்தினர் அமரும் கூடத்தில் அதற்கென்ன வேலை?

"இது நாம் செய்த உருவமன்று, அல்லாஹ் படைத்த உடலேயன்றோ?" என்ற வாதத்தை நான் அறிவேன். சமகால அறிஞர்களில் அவ்வாறு கூறி அனுமதித்தோரும் உளர், அவர்களை மதிக்கிறேன். எனினும் அவர்களும் வீண்விரயத்தையோ தவறான நம்பிக்கையையோ அனுமதித்தாரில்லை. சுவரில் காட்சிப்பொருளாக்கப் பெருந்தொகை செலவிடுவது விரயமில்லையெனில் வேறெது விரயம்?

இனி மகனின் கேள்வி. இந்த மீனைச் சீனர்கள் டிராகனின் சாயலாகக் கருதிச் செல்வம் தரும் என்றனர். நம் ஊர்க் கடைகளில் அதுவே "வாஸ்து மீன்" ஆயிற்று. ஆசிய அரோவானா அழிவின் விளிம்பிற்குச் சென்றதால், 1975 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் வைத்துக் காக்கப்படுகிறது. தன் இனத்தையே வலையிலிருந்து காத்துக்கொள்ள இயலாத மீன், உம் குடும்பத்தின் ஆபத்தைத் தடுக்குமா? நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று காலையில் ஓதிக்கொடுக்கும் நாம், மாலையில் தொட்டியைக் காட்டி வேறொன்றைக் கற்பிக்கிறோம். இது ஷிர்க்கின் வாசற்படி, சகோதரர்களே!

இக்கதையில் இன்னொரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. அமேசானிலிருந்து வரும் வெள்ளி அரோவானா ஏறக்குறைய மூன்றடி வளரும். பூச்சிகளைப் பிடிக்க நீரிலிருந்து எம்பிக் குதிப்பது அதன் இயல்பு. குறுகிய தொட்டி, மாற்றாத நீரில் சேரும் அமோனியா, சரியாக மூடாத மூடி ஆகியவையே வீடுகளில் இம்மீனைப் பெரிதும் கொல்கின்றன. "நமக்காக உயிர் கொடுத்தது" என்று சொல்லிவிட்டால் வளர்த்தவரின் அலட்சியம் மறைந்துபோகிறது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், அவிழ்த்தும் விடாமல் கொன்ற பெண்ணின் முடிவை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்கு எச்சரித்துள்ளார்கள். மீனின் மரணத்திற்குப் புகழ்மாலை சூட்டுமுன், அதற்காக நாம் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டுமே என்று அஞ்சினோமா?

வளர்த்த உயிருக்காக வருந்துவதை நான் பழிக்கவில்லை. அபூ உமைர் என்ற சிறுவரின் சின்னஞ்சிறு பறவை இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவர் துயரத்தை ஏளனம் செய்யவில்லை; அப்பறவையைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். குழந்தைக்குத் தேவைப்பட்டது அந்த விசாரிப்பு, பறவையின் உடலன்று.

ஆகவே அந்தத் தந்தைக்கு நான் சொன்ன பதில் இதுவே: நான்கு முறைகளும் வேண்டாம். மகனை அழைத்துச் சென்று, அவன் கையாலேயே அந்த மீனைத் தோட்டத்து மண்ணில் புதைக்கச் செய்யுங்கள். "இது நமக்காகச் சாகவில்லை, இதன் தவணை முடிந்தது, நம் கவனமும் குறைந்தது" என்று உண்மையைச் சொல்லுங்கள். ஒதுக்கிய பணத்தை ஓர் ஏழை மாணவனின் கட்டணத்திற்கு ஸதகாவாகக் கொடுங்கள். மீண்டும் மீன் வளர்ப்பதாயின், அதன் அளவுக்கேற்ற தொட்டியை முதலில் வாங்குங்கள்.

அவர் தலையசைத்துச் சென்றார். புதைத்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் மறுவாரம் அந்தச் சிறுவன் வகுப்பில் என்னருகே வந்து, நகக்கண்ணில் மண் படிந்த விரல்களைக் காட்டிச் சிரித்தான்.

நம் வீட்டுச் சுவர்களையும் பிள்ளைகளின் உள்ளங்களையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.