சாய்ஸ் லிஸ்ட்டை பயந்து போடாதீங்க

1/ நேத்து ஓபியில ஒருத்தர். லாரி ஷெட்ல லோடு ஏத்துறவர், எப்பவும் சர்க்கரையை ஒழுங்கா வெச்சிருப்பார். நேத்து 340. "என்னண்ணே ஆச்சு?"ன்னு கேட்டேன். "பொண்ணுக்கு காலேஜ் கிடைச்சிருச்சு டாக்டர்"னு சொல்லிட்டு அழுதுட்டார்.

2/ பொண்ணு ஆசைப்பட்டது பக்கத்து மாவட்ட அரசு பொறியியல் கல்லூரி. பிரவுசிங் சென்டர்ல லிஸ்ட் போட்டுக் கொடுத்தவர், "அதை முதல்ல போட்டா ரிஸ்க், கட்டாயம் கிடைக்கிறதை முதல்ல போடு"ன்னு ஒரு தனியார் கல்லூரியை முதல்ல போட்டுட்டார். அரசு கல்லூரி மூணாவது. சாய்ஸ் மொத்தமே ஆறு.

3/ முதல் சாய்ஸே கிடைச்சது. அவளுக்குப் பின்னாடி ரேங்க், அதே சமூகப் பிரிவு, அதே வகுப்புத் தோழிக்கு அந்த அரசு கல்லூரி, அதே கோர்ஸ் கிடைச்சிருக்கு. அதாவது இவளுக்கான இடம் அங்க இருந்தது. லிஸ்ட்தான் அவளை அங்க போக விடல.

4/ "கிடைக்கிறதை முதல்ல போடு" என்பதை விட மோசமான ஆலோசனை கவுன்சிலிங்ல கிடையாது. காசு வாங்கிட்டு இதைச் சொல்றவங்களும் சரி, நல்லெண்ணத்துல சொல்ற வாத்தியார், மாமா, யூடியூபரும் சரி, பிள்ளையோட ரேங்கைத் தூக்கி கீழ போடுறாங்க.

5/ ஏன்னு சொல்றேன். 2017 வரைக்கும் இன்ஜினியரிங் கவுன்சிலிங் அண்ணா பல்கலைக்கழகத்துல நேர்ல நடந்தது. திரையில காலி இடம் ஓடும். உங்க ரேங்க் வரும்போது உள்ள போய், இருக்குறதுல பிடிச்சதை எடுப்பீங்க. 2018ல ஆன்லைன் ஆச்சு. மாறினது ஒண்ணுதான்: உங்களுக்குப் பதிலா உங்க லிஸ்ட் உள்ள போகுது.

6/ உங்க முறை வரும்போது கம்ப்யூட்டர் லிஸ்ட்டை மேல இருந்து படிக்கும். முதல் சாய்ஸ்ல பொதுப்பிரிவுலயோ உங்க சமூகப் பிரிவுலயோ இடம் இருக்கா? இருந்தா கொடுக்கும், அதோட நிறுத்திடும். இல்லையா, அடுத்தது. அவ்ளோதான்.

7/ இப்போ யோசிங்க. கிடைக்கவே வாய்ப்பில்லாத கல்லூரியை முதல்ல போட்டா என்ன நஷ்டம்? ஒண்ணுமில்ல. அந்த நொடியில இரண்டாவது சாய்ஸுக்கு வந்துடும். இடையில யாரும் உங்களை முந்த முடியாது, ஏன்னா ரேங்க் உங்களுது. "முதல் சாய்ஸ் போனா எல்லாம் போச்சு"ங்கிறது சுத்தப் பொய்.

8/ "அப்ப இந்த பயம் எங்கிருந்து வந்தது டாக்டர்?" நியாயமான கேள்வி. சில ஊர்கள்ல முறையே அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகள்ல 2005 வரைக்கும் முதல் சாய்ஸா போட்டவங்களுக்குத்தான் முதல்ல இடம். அங்க பயந்து போட்டதுல அர்த்தம் இருந்தது. அதனாலதான் அந்த முறையையே மாத்தினாங்க.

9/ டாக்டர்களுக்கும் இது இருக்கு. அமெரிக்காவுல ரெசிடென்சி இடங்களை 1952ல இருந்து ஒரு 'மேட்ச்' முறையிலதான் பிரிக்கிறாங்க. அங்க விண்ணப்பிக்கிறவங்களுக்குச் சொல்ற முதல் பாடம்: உண்மையான விருப்ப வரிசையைப் போடு. இந்த மாதிரி பொருத்தும் முறைகளை ஆராய்ந்த ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லி ரெண்டு பேருக்கும் 2012ல பொருளாதார நோபல் கொடுத்தாங்க.

10/ எம்பிபிஎஸ் கவுன்சிலிங்லயும் இதே கதைதான். மாநில அரசு ஒதுக்கீட்டு லிஸ்ட்ல அரசு கல்லூரியும் வரும், தனியார் கல்லூரியில இருக்குற அரசு ஒதுக்கீட்டு இடமும் வரும். முன்னதுல வருஷக் கட்டணம் ஆயிரங்கள்ல, பின்னதுல லட்சங்கள்ல. வரிசையில ஒரு வரி மேல கீழ மாறினா, ஒரு குடும்பம் வீட்டை அடமானம் வைக்கணும்.

11/ "புது மெடிக்கல் காலேஜ், தூரம், வேணாம்"னு ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, அரியலூரையெல்லாம் தனியாருக்குக் கீழ தள்ளுற பெற்றோரை வருஷாவருஷம் பாக்குறேன். 2022ல தமிழ்நாட்டுல திறந்த 11 அரசு கல்லூரிகள்ல இதெல்லாம் சேர்த்தி. கட்டடம் புதுசா இருக்கலாம். வார்டுல நோயாளி இருக்காங்க, பிள்ளை கத்துக்கிறது அங்கதான்.

12/ சரி, என்ன செய்யணும்?
முதல்ல ஒரு வெள்ளைப் பேப்பர். கட்-ஆஃப் பார்க்காம, "ரெண்டும் கிடைச்சா எதுல சேருவ?"ன்னு பிள்ளையைக் கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்துங்க. அதுதான் லிஸ்ட். போன வருஷ கட்-ஆஃப் எதுக்குன்னா, லிஸ்ட் போதுமான அளவு கீழ வரைக்கும் போயிருக்கான்னு பாக்க மட்டும்.

13/ நிறைய போடுங்க. இன்ஜினியரிங்ல சாய்ஸுக்கு வரம்பே கிடையாது. ஆறோட நிறுத்தாதீங்க, அறுபது போடுங்க. ஆனா சேரவே மாட்டேன்னு தெரிஞ்ச கல்லூரியைப் போடாதீங்க. மருத்துவத்துல சுற்று ஏற ஏற விதி இறுகும். அகில இந்திய ஒதுக்கீட்டுல முதல் சுற்று இடத்தை விடலாம், இரண்டாவது சுற்றுல விட்டா டெபாசிட் போயிடும்.

14/ 'அப்வேர்டு' கொடுக்கிறவங்க கவனம். மேல போறதுன்னா உங்க லிஸ்ட்ல மேல. மேல உள்ளது கிடைச்சா கையில இருக்குற இடம் போயிடும், திரும்பி வராது. இந்தப் பொண்ணுக்கு அந்த வழியும் இல்ல. முதல் சாய்ஸே கிடைச்சவளுக்கு மேல போக என்ன இருக்கு? மூணாவதா இருந்த அரசு கல்லூரி அவளுக்குக் 'கீழ'.

15/ லாக் பண்றதுக்கு முன்னாடி பிள்ளையே லிஸ்ட்டைச் சத்தமா படிக்கட்டும். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் சென்டர்க்காரர் கையில விட்டுட்டு வராதீங்க. டைப் அடிக்க அவருக்குக் காசு கொடுங்க, தப்பில்ல. வரிசை உங்களுது.

16/ அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. விளக்கக் கையேடு இருக்கு, வீடியோ இருக்கு, சரி. லாக் பட்டனுக்கு முன்னாடி தமிழ்ல ஒரே ஒரு வரி காட்டினா என்ன? "முதல் சாய்ஸ் கிடைத்தால் மற்ற எதுவும் கிடைக்காது. சம்மதமா?" இந்த ஒரு வரி இருந்திருந்தா அந்தப் பொண்ணு நிறுத்தியிருப்பா. முதல் தலைமுறையா காலேஜ் போற பிள்ளைக்கு, சொல்லிக்கொடுக்க வீட்ல ஆள் இல்ல. அந்த இடத்துலதான் சென்டர்க்காரர் உக்காந்திருக்கார்.

17/ அந்த அப்பாவுக்கு மாத்திரையை மாத்திக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது, "நாங்க படிக்கல டாக்டர், அதான்"ன்னார். இல்லண்ணே. படிச்சவங்கதான் உங்களுக்குத் தப்பா சொல்லிக் கொடுத்தாங்க. உங்க தெருவுல ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளை இருந்தா, லாக் பண்றதுக்கு முன்னாடி இதைக் காட்டுங்க.